எந்த அறைக்கு எந்த ஸ்மார்ட் ஸ்பீக்கர்?

ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கும்போது பலரும் முதலில் கேட்பது, "சவுண்ட் எப்படி இருக்கும்?" என்பதுதான். அது இரண்டாவது கேள்வி. நீங்கள் சொல்வது அதன் காதில் விழுமா என்பதுதான் முதல் கேள்வி. பாட்டு எவ்வளவு அருமையாகக் கேட்டாலும் சரி, "நிறுத்து" என்பதை மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தால் பத்தாவது நாள் ப்ளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிடுவீர்கள். காதில் விழுவது மாடலைவிட அறையைத்தான் அதிகம் பொறுத்தது. அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

கையில் ஒரு தாள் போதும். ஒவ்வொரு அறைக்கும் நான்கு விஷயங்களைக் குறித்துக் கொள்ளுங்கள். பேசுகிறவர் வழக்கமாக எங்கே இருப்பார், ஸ்பீக்கர் வைக்கும் இடத்திலிருந்து எத்தனை அடி? அந்த நேரத்தில் அறையில் என்ன சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்? ப்ளக் பாயின்ட் எங்கே? வெளியே போகக்கூடாத பேச்சு அந்த அறையில் நடக்குமா? நான்குக்கும் பதில் எழுதிவிட்டால் பாதி மாடல்கள் தாமாகவே கழிந்துவிடும்.

முதலில் ஒரே ஒரு முடிவு

ஹாலுக்கு அலெக்ஸா, பெட்ரூமுக்கு கூகுள், படிக்கும் அறைக்கு சிரி என்று கலந்து வாங்காதீர்கள். ஒன்றில் போட்ட பாட்டை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது, ஒன்றில் வைத்த அலாரம் மற்றதற்குத் தெரியாது, எந்த அறையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்பதே வீட்டில் தகராறாகிவிடும். வீடு முழுக்க ஒரே அசிஸ்டென்ட் (ஸ்பீக்கருக்குள் இருந்து உங்களுக்குப் பதில் சொல்லும் குரல்) என்று முடிவு செய்துவிட்டு, அதற்குள் அறைக்கேற்ற மாடலைத் தேடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் ஃபோனே பெரும்பாலும் சொல்லிவிடும். சிரி இருக்கும் ஆப்பிளின் ஹோம்பாட், ஹோம்பாட் மினி இரண்டையும் ஐஃபோனோ ஐபேடோ இல்லாமல் செட்டப் செய்யவே முடியாது. வீட்டில் நான்கு பேர் வைத்திருப்பதும் ஆண்ட்ராய்டு என்றால் அந்த வரிசையை அப்படியே விட்டுவிடலாம். அலெக்ஸா இருக்கும் அமேசானின் எக்கோவும், கூகுளின் நெஸ்ட்டும் இரண்டு வகை ஃபோனிலும் வேலை செய்யும். அடுத்து, நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டும் பாட்டு ஆப். அந்த ஆப்பைப் பெயர் சொல்லி ஸ்பீக்கரிடம் நேரடியாகக் கேட்க முடியுமா, ஃபோனிலிருந்து அனுப்பத்தான் முடியுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது வகையில் ஃபோன் கையில் இல்லாதவருக்குப் பாட்டு கிடைக்காது.

மொழி விஷயத்தில் கவனம் தேவை. ஃபோனில் தமிழ் புரிந்துகொள்ளும் அசிஸ்டென்ட் ஸ்பீக்கரிலும் தமிழ் புரிந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் மொழிப் பட்டியல் வேறு வேறு. எந்த மாடல் வாங்குகிறீர்களோ, அதன் ஆப்பில் ஸ்பீக்கருக்கான மொழி அமைப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இயங்கும் ஸ்பீக்கரிடம் தமிழ்ப் பாட்டின் முதல் வரியைச் சொன்னால் பாதி நேரம் ஏதோ ஓர் ஆங்கிலப் பாட்டு ஓடும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பாட்டு ஆப்பில் பிளேலிஸ்ட் போட்டு, அதற்கு "மார்னிங் ஒன்", "நைட் டூ" என்பதுபோல அந்த ஸ்பீக்கர் பிழையில்லாமல் புரிந்துகொள்ளும் பெயரை வையுங்கள். பாட்டின் பெயரைச் சொல்ல வேண்டாம், பிளேலிஸ்ட்டின் பெயரைச் சொன்னால் போதும்.

அதன் காது எப்படி வேலை செய்கிறது

இது கொஞ்சம் புரிந்துவிட்டால் அறை அறையாகத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் குரல் ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் நேரடியாக வந்து சேரும் ஒலி 6 டெசிபல் குறையும். அதாவது 4 மீட்டரில் 48 டெசிபல். குறைவது நேரடி ஒலி மட்டும்தான். சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பி வரும் எதிரொலி அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். தூரம் கூடக் கூட உங்கள் சொல்லுக்கு மேல் அதன் எதிரொலியே பூசிக்கொள்ளும். வழவழப்பான தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள அறையில் 12 அடியிலேயே இது தொடங்கிவிடும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் 20 அடிக்கும் பிரச்சினை இருக்காது. சோதித்துப் பார்க்க ஒரு கைதட்டல் போதும். தட்டிய பிறகு "ணங்" என்று ஒரு வால் இழுத்தால் அது எதிரொலி அறை, ஸ்பீக்கரைக் கிட்டத்தில் வைத்தாக வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். பாட்டு ஓடும்போதே நீங்கள் பேசுவதை ஸ்பீக்கர் எப்படிக் கேட்கிறது? தான் என்ன வாசிக்கிறது என்பது அதற்குத் தெரியும். மைக்கில் வரும் மொத்தச் சத்தத்திலிருந்து அதைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்கிறது. சின்ன ஸ்பீக்கரை முழு வால்யூமில் வைத்தால் ஒலி சிதையும். அனுப்பிய பாட்டும் வெளியே வந்த சத்தமும் ஒன்றாக இருக்காது, கழித்தல் கணக்கு தப்பும், உங்கள் குரல் அதில் மூழ்கிவிடும். சின்ன மாடல்கள் ஃபுல் சவுண்டில் செவிடாவது இதனால்தான். பெரிய அறைக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்குவதற்கு உண்மையான காரணமும் இதுதான். பாதி வால்யூமிலேயே அறை நிறைய வேண்டும், அப்போதுதான் அது உங்களைக் கேட்கும்.

டிவி என்ன வாசிக்கிறது என்பது ஸ்பீக்கருக்குத் தெரியாது, அதனால் அதைக் கழிக்கவும் முடியாது. தன் சொந்தப் பாட்டு 70 டெசிபலில் ஓடும்போது கேட்கிற அதே ஸ்பீக்கர், டிவி 65-ல் ஓடினால் தடுமாறும். பழைய ஆம்ப்ளிஃபையரோடு கேபிளில் அல்லது புளூடூத்தில் இணைத்துப் பெரிய சவுண்ட் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ஒலி வெளியே வேறொரு பெட்டியிலிருந்து, சற்றுத் தாமதமாக வருவதால் கழித்தல் சரியாக நடக்காது. அப்படி இணைத்தே ஆக வேண்டும் என்றால் ஸ்மார்ட் ஸ்பீக்கரைப் பெரிய பெட்டியிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி, நீங்கள் உட்காரும் பக்கமாக வையுங்கள். எக்கோ டாட் ஐந்தாம் தலைமுறையில் 3.5 மி.மீ. ஜாக் கிடையாது, நான்காம் தலைமுறையில் உண்டு. இதைத் தெரியாமல் புதியதை வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

வைஃபையை முதலில் பாருங்கள்

வாய்க் கட்டளை இணையம் வழியாகப் போய்த்தான் பதில் வருகிறது. சிக்னல் வலுவில்லாத இடத்தில் எந்த மாடலும் "கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள்" என்றுதான் சொல்லும். ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடத்தில் ஃபோனை வைத்து, வைஃபை அளக்கும் ஆப் ஒன்றில் சிக்னல் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்லது (மைனஸ் 60, 50) என்றால் கவலையில்லை. மைனஸ் 75-ஐத் தாண்டினால் (மைனஸ் 80, 85) பாட்டு விட்டு விட்டு வரும். அந்த அறைக்கு முதலில் மெஷ் ரவுட்டர் (வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் கூடுதல் பெட்டி) வையுங்கள், பிறகு ஸ்பீக்கர் வாங்கலாம்.

விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். பல ரவுட்டர்கள் அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருக்கும். ஸ்பீக்கர் பேசும், ஆனால் ஃபோனிலிருந்து பாட்டு அனுப்ப முடியாது, இரண்டு ஸ்பீக்கரைக் குழுவாக்கவும் முடியாது. எதனால் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஓடிவிடும்.

மின்சாரம் போய் வரும் இடம் என்றால் இன்னொன்று. ஸ்பீக்கர் சீக்கிரம் எழுந்துவிடும், ரவுட்டர் மெதுவாக எழும், இடையில் ஸ்பீக்கர் "இணையம் இல்லை" என்று புலம்பும். பேக்கப் கொடுப்பதானால் ரவுட்டருக்குக் கொடுங்கள். மின் செலவு பெரிய விஷயமில்லை. சும்மா காத்திருக்கும்போது 2 வாட் எடுத்தால்கூட ஓராண்டு முழுக்க 17.5 யூனிட்தான்.

ஹால்

வீட்டிலேயே கடினமான அறை இது. தூரம் அதிகம், டிவி இருக்கும், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இங்கேதான் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல இடங்களில் அது அடாப்டரின் வாட்தான், ஒலியின் வாட் அல்ல. உள்ளே இருக்கும் ஒலிக்கூம்பின் அளவைப் பாருங்கள். நெஸ்ட் மினியில் 40 மி.மீ., எக்கோ டாட் ஐந்தாம் தலைமுறையில் 44 மி.மீ. இவை 10-க்கு 10 அடி அறைக்குச் சரி. நெஸ்ட் ஆடியோவில் அடிக்குரல் ஒலிக்கு 75 மி.மீ. வூஃபரும், கீச்சு ஒலிக்கு 19 மி.மீ. ட்வீட்டரும் தனித்தனியாக உள்ளன. நான்காம் தலைமுறை எக்கோவில் 3 அங்குல வூஃபர். 15-க்கு 12 அடி ஹாலுக்கு இந்த அளவு வேண்டும். அதற்கும் மேலே பெரிய ஹால் என்றால் 4 அங்குல வூஃபர் உள்ள ஹோம்பாட் இரண்டாம் தலைமுறை, 5.25 அங்குல வூஃபரோடு 2019-ல் வந்த எக்கோ ஸ்டுடியோ போன்றவை. மாடல்கள் வருஷா வருஷம் மாறும். வூஃபர் தனி, ட்வீட்டர் தனி, வூஃபர் குறைந்தது 75 மி.மீ. என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் புது மாடலையும் நீங்களே எடை போடலாம்.

ஒரு பெரியது வாங்குவதா, இரண்டு சிறியதை ஜோடியாக்குவதா? பாட்டை உட்கார்ந்து கேட்பவர் என்றால் ஜோடிதான் நல்லது. ஸ்டீரியோ ஜோடிக்கு இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஹோம்பாடையும் ஹோம்பாட் மினியையும் ஜோடி சேர்க்க முடியாது. இரண்டுக்கும் நடுவே 6 முதல் 8 அடி இடைவெளி விட்டு, நீங்கள் உட்காரும் இடம் முக்கோணத்தின் மூன்றாவது முனையாக இருக்கும்படி வையுங்கள். நடந்துகொண்டே, வேலை செய்துகொண்டே கேட்பவருக்கு ஸ்டீரியோவால் பலனில்லை, ஒரு பெரியதே போதும்.

எங்கே வைப்பது? டிவி ஸ்டாண்டில் மட்டும் வேண்டாம். எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள், அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். டிவியின் ஒலி மைக்கிற்கு ஓர் அடியில், உங்கள் குரல் பன்னிரண்டு அடியில். சோஃபாவின் பக்கத்து மேஜைக்கு மாற்றினால் கணக்கு அப்படியே தலைகீழாகும். தரையிலிருந்து 2.5 முதல் 4 அடி உயரம், சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி. மூலையில் ஒட்டி வைத்தால் அடிக்குரல் ஒலி வீங்கி "டம் டம்" என்று கேட்கும், பாடகரின் குரல் அமுங்கிவிடும். வேறு இடமே இல்லை, மூலைதான் என்றால் ஆப்பின் ஈக்வலைசரில் பாஸை இரண்டு மூன்று புள்ளி குறையுங்கள். மூடிய ஷெல்ஃபுக்குள் வைப்பது ஒருவரைப் பெட்டிக்குள் உட்கார வைத்துப் பேசுவது போல. மின்விசிறிக்கு நேர் கீழேயும் கூடாது. விசிறிச் சத்தத்தைவிட, மைக் துளைகள் மேல் வீசும் காற்றுதான் தொல்லை. இரண்டு அடி தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

மெருகு போட்ட மர மேஜை என்றால் ஸ்பீக்கரின் அடியைப் புரட்டிப் பாருங்கள். 2018-ல் வந்த முதல் ஹோம்பாட் சில மர மேஜைகளில் வெள்ளை வளையம் பதித்தது. சிலிக்கான் அடிப்பாகம் மர மெருகோடு சேர்ந்த விளைவு அது. ஒரு சின்ன விரிப்பு போட்டுவிட்டால் தீர்ந்தது.

டிவியின் ஒலியையே இந்த ஸ்பீக்கரில் கேட்கலாம் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. புளூடூத்தில் இணைத்தால் உதடு ஒரு நேரம், சொல் ஒரு நேரம் என்று வரும். டிவி தரப்பில் ஒலித் தாமதத்தைச் சரி செய்யும் அமைப்பு இல்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கிச்சன்

இங்கே கைகள் ஈரமாக இருக்கும், டைமர் வேண்டும், சத்தம் அதிகம். உண்மையில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் அதிகம் பயன்படும் அறை இதுதான். ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஹாலில் வைக்காமல் இங்கே வைக்கலாம் என்பேன்.

மிக்ஸி ஓடும்போது கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது 80 டெசிபலைத் தாண்டும், உங்கள் குரல் மைக்கில் 55. எந்த விலை மாடலாலும் முடியாது. ஆனால் சிம்னி, குழாய் நீர், எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகியவற்றைச் சமாளிக்கலாம், ஸ்பீக்கர் உங்கள் வாய்க்குப் பக்கத்திலும் அந்தச் சத்தங்களுக்குத் தூரத்திலும் இருந்தால். அடுப்புக்கும் தொட்டிக்கும் இரண்டுக்கும் எதிர்ப்பக்கத்தில், சுவரில், தோள் உயரத்தில் மாட்டுவது நல்லது. நெஸ்ட் மினியின் பின்பக்கத்தில் ஆணியில் மாட்டவே ஓட்டை இருக்கிறது. டைல்ஸில் துளை போட மனமில்லை என்றால் ப்ளக் பாயின்ட்டிலேயே தொங்கும் ஸ்டாண்டுகள் கிடைக்கும். மாடலுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுப்பிலிருந்து குறைந்தது 4 அடி. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை துணி உறையில் படிந்து, தூசியைப் பிடித்து, மெதுவாக மைக் துளைகளை அடைக்கும். "முன்பெல்லாம் நன்றாகக் கேட்டது, இப்போது கேட்பதில்லை" என்று ஆறு மாதத்தில் வரும் புகாரில் பாதிக்கு இதுதான் காரணம். மாதம் ஒருமுறை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத் துணியால் துளைகளின் மேல் தேய்க்காதீர்கள், அழுக்கு உள்ளேதான் போகும். மைக்ரோவேவ் பக்கத்திலும் வேண்டாம். அது ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் அங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கரை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தால் இந்தச் சிக்கல் ஒழிந்தது.

திரை உள்ளது வாங்கலாமா? கிச்சனில் மட்டும் கட்டாயம் வாங்கலாம். மூன்று டைமர் ஒரே நேரத்தில் ஓடும்போது எதற்கு எவ்வளவு மீதி என்று ஓரக்கண்ணால் பார்ப்பது, வாயால் கேட்டுப் பதில் வாங்குவதைவிட எவ்வளவோ வேகம். டைமருக்குப் பெயர் வைத்துச் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள், "ரைஸ் டைமர் பத்து நிமிஷம்" என்பதுபோல. 5 அங்குலத் திரை இரண்டு அடிக்கு மேல் படிக்க முடியாது. 7 அல்லது 8 அங்குலம் எடுங்கள்.

பெட்ரூம்

சின்னது போதும். இங்கே பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது கேமரா. கேமரா உள்ள திரை மாடலைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். மூடி இருக்கிறது என்றாலும் வேண்டாம். திரை வேண்டுமென்றால் கேமராவே இல்லாதது இருக்கிறது. கூகுளின் 7 அங்குல நெஸ்ட் ஹப் அப்படிப்பட்டது. 2021-ல் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, கேமரா இல்லாமல் ரேடாரால் தூக்கத்தைக் கணிக்கும் வசதியோடு வந்தது.

இரண்டாவது வெளிச்சம். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் விளக்கு மின்னினால் அறை முழுக்கத் தெரியும். நைட் மோட், டூ நாட் டிஸ்டர்ப் இரண்டையும் நேரம் குறித்துத் தானாக இயங்கும்படி வைத்துவிடுங்கள். அலெக்ஸாவில் விஸ்பர் மோடைப் போட்டுவிட்டால், நீங்கள் கிசுகிசுத்தால் அதுவும் கிசுகிசுப்பாகவே பதில் சொல்லும். பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது இதன் அருமை புரியும்.

மூன்றாவது, மைக்கை அணைக்கும் பட்டன். எக்கோவில் மேலே ஒரு பட்டன், அழுத்தினால் சிவப்பு விளக்கு. நெஸ்ட் மினியில் பக்கவாட்டில் தள்ளும் ஸ்விட்ச். ஹோம்பாடில் அப்படித் தனிப் பட்டன் கிடையாது, வாயால் சொல்லியோ ஆப்பில் போயோதான் அணைக்க வேண்டும். இருட்டில் கையால் தடவி அணைக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

ஹோம்பாட் மினியின் கேபிள் யுஎஸ்பி-சி, 20 வாட் அடாப்டரோடு வருகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய ஃபோன் சார்ஜரில் செருகினால் சரியாக இயங்காது.

குழந்தைகள் அறை, பெரியவர்கள் அறை

குழந்தைகள் அறையில் ஸ்பீக்கரை விட அமைப்புகள்தான் முக்கியம். மலிவான சின்ன மாடலே போதும், ஆனால் பெட்டியைத் திறந்த அன்றே மூன்று வேலை. வாய்வழி வாங்குவதை முழுக்க நிறுத்துங்கள், நிறுத்த மனமில்லை என்றால் 4 இலக்க பின் போடுங்கள். ஆபாசச் சொல் உள்ள பாட்டுகளை வடிகட்டும் ஃபில்டரைப் போடுங்கள். "டிராப் இன்" என்ற வசதியை, அதாவது ஒருவர் எடுக்காமலேயே அழைப்பு இணைந்துவிடுவதை, அந்த ஸ்பீக்கரில் அணையுங்கள். குழந்தை மட்டுமல்ல, டிவியே ஆர்டர் போட்டுவிடும். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஒரு குழந்தை அலெக்ஸாவிடம் பொம்மை வீடு வாங்கிய செய்தியை டிவியில் ஒருவர் வாசிக்க, அதைக் கேட்ட வேறு வீடுகளின் ஸ்பீக்கர்களும் பொம்மை வீடு வாங்கக் கிளம்பிவிட்டன என்று நேயர்களிடமிருந்து புகார் வந்தது.

பெரியவர்கள் அறைக்குத் திரை உள்ளதே நல்லது. சொன்னது புரிந்ததா என்று எழுத்தில் தெரியும். அலெக்ஸாவிடம் மெதுவாகப் பேசச் சொன்னால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கட்டிலில் படுத்தபடி பேசினால் எட்டும் தூரத்தில், அதாவது 5 அடிக்குள் வையுங்கள். பெரியவர்களின் தணிந்த குரலுக்குப் பத்து அடி அதிகம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவசர உதவிக்கு இதை நம்பக்கூடாது. பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அவசர எண்ணை நேரடியாக அழைக்காது, வைஃபை போனால் எதையுமே அழைக்காது. பட்டன் ஃபோன் ஒன்று தலைமாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

பாத்ரூமுக்கு ப்ளக்கில் செருகும் மாடல் எதுவும் வேண்டாம். பேட்டரியில் ஓடும், நீர் காப்புள்ள வகைதான். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பைத் தாங்கும். ஐபி67-ல் கடைசி 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கு. சோனோஸ் ரோம் அந்த வகை. ஆனால் இந்தக் குறியீடுகள் எதுவும் வெந்நீர் ஆவிக்கானவை அல்ல. குளித்து முடித்ததும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

படிக்கும் அறை, வேலை செய்யும் அறை என்றால் மேஜையில் இரண்டு அடியில் இருக்கும், எதுவும் சரி. ஆபீஸ் மீட்டிங் நடக்கும்போது மைக்கை அணைக்க மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் பதில் சொன்னால்

கிச்சனில் கேட்டால் ஹாலில் இருப்பது பதில் சொல்கிறது என்பது இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கியவர்கள் எல்லோரும் சொல்வது. கூப்பிட்ட குரலை எது தெளிவாகக் கேட்டதோ அது பதில் சொல்ல வேண்டும் என்று அவை தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ளும். இது சரியாக நடக்க, எல்லாம் ஒரே கணக்கில், ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அம்மாவின் கணக்கில் ஒன்று, மகனின் கணக்கில் ஒன்று என்று இருந்தால் இரண்டும் கத்தும். கணக்கு ஒன்றுதான், ஆனாலும் தப்பான ஸ்பீக்கர் எழுகிறது என்றால், கதவு வழியாக நேர்க்கோட்டில் இருக்கிறதா பாருங்கள். கதவுச் சட்டத்தைத் தாண்டி இரண்டு அடி பக்கவாட்டில் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். எக்கோவில் இன்னொரு வழியும் உண்டு. ஒன்றுக்கு "அலெக்ஸா", அடுத்த அறைக்கு "எக்கோ" என்று கூப்பிடும் சொல்லை மாற்றலாம். கூகுளில் "ஹே கூகுள்", "ஓகே கூகுள்" மட்டும்தான், மாற்ற முடியாது.

தமிழ் பேசும் வீட்டில் சிரிக்கு ஒரு தனிச் சங்கடம். வாய்க்கு வாய் "சரி" சொல்வோம், அது சிரிக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். வெறும் "சிரி" என்று கூப்பிடும் வசதியை எடுத்துவிட்டு "ஹே சிரி" மட்டும் வைத்துக்கொண்டால் அது தேவையில்லாமல் எழுவது குறையும்.

பெயர் வைப்பதிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் இயங்கும் ஸ்பீக்கர் தமிழ்ச் சொல்லைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லாகவே எழுதிக்கொள்ளும். "பாட்டி ரூம் லைட்" என்று நீங்கள் சொன்னால் "பார்ட்டி ரூம் லைட்" என்று அது எடுத்துக்கொள்ளலாம். ஆப்பில் ஹிஸ்டரியைத் திறந்தால் அது என்ன எழுதிக்கொண்டது என்று தெரியும். அதையே அந்த விளக்கின் பெயராக வைத்துவிடுங்கள். நீங்கள் பாட்டி ரூம் என்றே சொல்லலாம், விளக்கு எரியும். விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள். "பெட்ரூமை நிறுத்து" என்றால் பாட்டு நிற்பதா, விளக்கு அணைவதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

விளக்கு, ஸ்விட்ச், பூட்டு எல்லாம் இணைக்கப் போகிறவர்கள் பெட்டியில் "மேட்டர்" முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த இந்தப் பொதுத் தரம் இருந்தால், நாளைக்கு அசிஸ்டென்டை மாற்றினாலும் விளக்கை மாற்ற வேண்டியிருக்காது. பூட்டை மட்டும் பின் இல்லாமல் வாயால் திறக்க விடாதீர்கள். ஜன்னல் வழியாக மைக்கில் லேசர் ஒளியைப் பாய்ச்சியே கட்டளை கொடுக்க முடியும் என்று 2019-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானிய ஆய்வாளரும் சேர்ந்து செய்து காட்டினார்கள். உங்கள் வீட்டுக்கு லேசரோடு யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் ஜன்னலைப் பார்த்து ஸ்பீக்கர் வைக்காமலிருக்கக் காசா பணமா?

பதிவுகள் குறித்து. நீங்கள் கூப்பிட்ட பிறகு பேசியது கம்பெனியின் சர்வருக்குப் போகும். எக்கோவின் சில மாடல்களில் குரலை அனுப்பாமல் கருவியிலேயே வைத்துக்கொள்ளும் தேர்வு இருந்தது, அதை 2025 மார்ச் 28-ல் எடுத்துவிட்டார்கள். சேமித்த பதிவுகள் 3 மாதத்தில் தானாக அழியும்படி அலெக்ஸா, கூகுள் இரண்டிலும் வைக்க முடியும். முதல் நாளே வைத்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாட்களுக்குள் செய்யும் சோதனை

பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். ஸ்பீக்கரை நிரந்தரமாக வைக்கப்போகும் இடத்தில் வைத்து, ஒரு நாள் விட்டு, பிறகு சோதியுங்கள். முதல் நாள் அப்டேட்கள் இறங்கிக்கொண்டிருக்கும், அன்று அது மந்தமாக இருப்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

அறையில் நீங்கள் வழக்கமாக இருக்கும் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் சாதாரணக் குரலில், ஸ்பீக்கரைப் பார்க்காமல், பத்துக் கட்டளை. ஒரு சுற்று அமைதியில், ஒரு சுற்று அந்த அறையின் வழக்கமான சத்தத்தோடு, ஒரு சுற்று அதிலேயே பாதி வால்யூமில் பாட்டு ஓடும்போது. அமைதியில் பத்துக்கு ஒன்பதும், சத்தத்தில் பத்துக்கு ஏழும் பிடித்தால் அந்த மாடல் அந்த அறைக்குப் போதும். வீட்டிலேயே மெல்லிய குரல் உள்ளவரையும் ஒரு சுற்று பேசச் சொல்லுங்கள், அவருக்கு எத்தனை என்பதுதான் உண்மையான மதிப்பெண்.

குறைந்தால் உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். மூன்று அடி நகர்த்தி, இன்னொரு சுற்று. அப்படியும் இல்லையென்றால் ஹிஸ்டரியைப் பாருங்கள். கூப்பிட்டதே பதிவாகவில்லை என்றால் இடத்தின் அல்லது மைக்கின் குறை. கூப்பிட்டது பதிவாகி, சொன்னது வேறாக எழுதப்பட்டிருந்தால் மொழி அமைப்பின் குறை. சொன்னது சரியாக எழுதப்பட்டு, வேலை மட்டும் நடக்கவில்லை என்றால் பெயர் அல்லது இணைப்பின் குறை. முதல் வகை மட்டும்தான் ஸ்பீக்கரை மாற்றித் தீரும். மற்ற இரண்டும் எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் உங்கள் கூடவே வரும்.

பழையது வாங்குவதாக இருந்தால், கொடுப்பவர் தன் ஆப்பிலிருந்து அதை நீக்குவதை உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள். அடுத்து ரீசெட். எக்கோ டாட் புதிய தலைமுறைகளில் புள்ளி போட்ட ஆக்‌ஷன் பட்டனை 20 முதல் 25 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். நெஸ்ட் மினியில் முதலில் மைக்கை அணைத்துவிட்டு, மேல்பக்கத்தின் நடுவில் 15 நொடி விரலை வைத்திருக்க வேண்டும். பிறகு உங்கள் ஃபோனில் செட்டப்பை முழுக்க முடித்து, ஒரு பாட்டு போட்டுப் பார்த்த பின் பணத்தைக் கொடுங்கள்.